கமறாத மிளகாய்

எனக்குப் பயம் ஜாஸ்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுவில் யாரும் "இதுக்கா பயந்தே?" என்று கேட்கக் கூடாது. பல்லிக்குப் பயப்பட மாட்டேன். பாம்புக்கும் அவ்வளவாக இல்லை, ஏரிக்கரையில் வளர்ந்தவள். என் பயமெல்லாம் வயிற்றுப் பிள்ளை அசையாமல் போய்விடுமோ என்பதுதான். இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறது. மாசம் நிறைந்து, வலி கண்டு, வீட்டிலேயே பிறந்து, இரண்டுமே அழாத பிள்ளைகள். மூன்றாவது தரித்தபோது பட்டணத்துப் பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலி எடுத்ததும் இங்கே கொண்டுவந்துவிட வேண்டும், ஊரில் வைத்துக்கொண்டு கை பிசையக் கூடாது என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீடு போனது. சண்டைக் காலம். ஆவடியில் பட்டாள முகாமுக்கு இடம் வேண்டும் என்று நிலம், கிணறு, வீடு எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். ஊரே எழுந்து போயிற்று. வாடகைக்குப் போகலாம் என்றால் எங்கே போவது? ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனம் பாதி மூட்டை முடிச்சோடு மேற்கே வந்து இறங்கியிருந்தது. அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் மாட்டுக்கொட்டாயைக்கூட யாரோ ஒரு குமாஸ்தா குடும்பம் பிடித்துவிட்டிருந்தது. எங்கே போய்க் கேட்டாலும் என் வயிற்றைப் பார்ப்பார்கள், பாவம் என்பார்கள், இடம் இல்லை என்பார்கள்.

என் வீட்டுக்காரர் கிணற்று ஆயில் என்ஜின்களுக்கு ரிப்பேர் பார்க்கிறவர். பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் என்ஜின் இருமினால் அவரைத்தான் தேடுவார்கள். அவர் ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடியே சொன்னார். வீடு கிடைக்கவில்லை என்றால் போகட்டும், சக்கரத்து மேலேயே ஒன்று கட்டிவிடுகிறேன் என்று. நான் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று மோரை ஊற்றினேன். மனுஷன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சின்ன லாரி ஒன்று, பெட்டி கட்டாத வெறும் அடிச்சட்டமும் என்ஜினுமாகப் புதிதாக வந்தது. அதன் மேல் தேக்குச் சட்டம் போட்டு, பலகை அடித்து, தகரக் கூரை போட்டு ஒரு வீட்டை ஏற்றினார்கள். வீடு என்றால் பெரிய மாளிகை இல்லை. ஒரு ஆள் படுக்கிற பலகைக் கட்டில், பாத்திரம் உருண்டு விழாமல் இருக்கக் குறுக்குக் கம்பி போட்ட அலமாரி, மடக்கி வைக்கிற மேஜை, குழாய் வைத்த தண்ணீர் டிரம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சன்னல், பின்னால் ஒரு கதவு. உள்ளே ஏறினால் வார்னிஷ் வாசனை மூக்கைப் பிடிக்கும். நான் முதல் நாள் ஏறி உட்கார்ந்து, அலமாரியைத் திறந்து திறந்து மூடினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, திருநின்றவூரில் எங்கள் சொந்தக்காரர் மாந்தோப்பில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினோம். சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் பார்க்க வந்தது. "ஊட்டு மோட்டாரு" என்று பேர் வைத்தார்கள். கட்டிலைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திருகிப் பார்ப்பார்கள், கடைசியாக என் வயிற்றைப் பார்த்துவிட்டு, அதிர்ஷ்டக்காரி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வார்த்தை கேட்டாலே என் நாத்தனாருக்கு முகம் மாறிவிடும்.

நாத்தனார் என்றால் அவருடைய அக்கா. புருஷனை இழந்து எங்களோடு இருந்தாங்க. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என் இரண்டு பிள்ளைகளையும் கையில் ஏந்திப் பார்த்தது அவங்கதான், கொண்டுபோய்ப் புதைக்கும்போது கூடப் போனதும் அவங்கதான். அதனால் மூன்றாவதைக் காப்பாற்றுவதில் என்னைவிட அவங்களுக்குத்தான் வெறி. நான் எங்கே நிற்கிறேன், என்ன தின்கிறேன், யார் என்னைக் கண்ணெடுத்துப் பார்க்கிறார்கள் என்று எந்நேரமும் கண்கொத்திப் பாம்பாக இருப்பாங்க.

வண்டி வந்து நின்றதுமே என் பயம் வேறு இடத்துக்கு மாறிவிட்டது. பெட்ரோலுக்கு ரேஷன். கூப்பனுக்குக் கிடைப்பது ஆரம்பத்தில் என்ஜினை உசுப்பிவிடத்தான் காணும். மற்றபடி ஓட்டத்துக்குக் கரி கேஸ். வண்டியின் பின்பக்கம், கதவுக்குப் பக்கத்திலேயே, ஆளுயர டிரம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதில் கரியைக் கொட்டி, கீழே எண்ணெய்த் துணி வைத்துக் கொளுத்தி, ஒரு கைவிசிறியைச் சுற்று சுற்று என்று சுற்ற வேண்டும். கரி கனன்று அதிலிருந்து கேஸ் கிளம்பி, வண்டிக்கு அடியிலேயே ஓடுகிற குழாய் வழியாக முன்னால் என்ஜினுக்குப் போகும். நல்ல கரியாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். ஈரக் கரியாக இருந்தால் ஒரு உலை சோறு வெந்து வடித்துவிடலாம், வண்டி கிளம்பாது. எனக்கு அந்த டிரம்மைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். வலி வந்தால் இது கிளம்புகிற வரைக்கும் பிள்ளை பொறுக்குமா?

ரயில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்தது. சிப்பாய்களும் பீரங்கிச் சாமான்களும் போனது போக மிச்ச நேரத்துக்கு வரும். வந்தாலும் ஜன்னல் கம்பியில் ஜனம் தொங்கும். நிறைமாதக்காரி அதில் எங்கே ஏறுவது? ஆகையால் இந்த வண்டிதான். இது ஓடினால் என் பிள்ளை பிழைக்கும், ஓடாவிட்டால் இல்லை. மனசுக்குள் அப்படிக் கணக்குப் போட்டுவிட்டேன்.

அந்தப் புது வண்டி என்ன பாடு படுத்தியது தெரியுமா! வந்த வேகத்தில் பின் ஸ்பிரிங் பட்டை ஒன்று முறிந்தது. கட்டில், அலமாரி, தண்ணீர், கரி மூட்டை எல்லாம் சேர்ந்து அதற்குத் தாங்கவில்லை. அவர் பட்டை கூட்டிக் கட்டினார். அப்புறம் பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும். நானும் ஒரு தடவை கை வைக்கப் போய், அண்ணி போட்ட கூச்சலில் ரோட்டில் போன மாடெல்லாம் மிரண்டது. அப்புறம் கரித்தூள் போய் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும். அவர் அந்தத் துணியை ஏரித் தண்ணீரில் அலசிக் காயப்போட்டுவிட்டு, காயும் வரைக்கும் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து எதையாவது முறுக்கிக்கொண்டிருப்பார். கால் மட்டும் வெளியே தெரியும். "இப்போ வலி வந்தா இன்னா பண்ணுவே?" என்று அந்தக் கால்களைப் பார்த்துக் கேட்பேன். வராது என்று உள்ளேயிருந்து பதில் வரும். வலி என்னமோ இவரிடம் நாள் குறித்துக் கொடுத்துவிட்டாற்போல.

மழை ஒன்று பெய்தது. கூரை ஒழுகி என் படுக்கை நனைந்தது. அவர் மேலே ஏறி இண்டு இடுக்கெல்லாம் தார்க்கீல் காய்ச்சி ஊற்றினார். கதவு இடுக்கில் குளிர் வருகிறது என்றேன், பழைய டயர் டியூப்பை அறுத்துச் சுற்றிலும் அடித்தார். விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்பது அப்போது உத்தரவு. கறுப்புக் காகிதத்தைப் பசை தடவி சன்னல் இடுக்குகளில் ஒட்டினார். மாசமாக இருக்கிறவளைக் காத்துக்கருப்பு அண்டக் கூடாது என்று அண்ணி தன் பங்குக்குப் பழந்துணியைத் திணித்து வைத்தாங்க. கடைசியில் ஒரு எறும்பு உள்ளே வர வழியில்லை. இப்போதான் ஊடு மாதிரி கீது என்று அவருக்கு ஒரே பெருமை.

உள்ளே படுப்பது நான் ஒருத்திதான். இடம் அவ்வளவுதான். அவர் வண்டி ஓரம் கயிற்றுக் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுப்பார். அண்ணி தோப்புக் கீற்றுக்கொட்டாயில் படுப்பாங்க. பகலெல்லாம் அவர் வண்டியோடு வேலைக்குப் போய்விட்டு, பொழுது சாயக் கொண்டுவந்து நிறுத்துவார். என்ஜினை நிறுத்தினாலும் டிரம்மில் கரி வெகு நேரம் கனன்றுகொண்டேதான் இருக்கும். கொட்டாய்க்குள்ளே மட்டும் நிறுத்தாதே என்று விற்றவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தானாம். நாம்தான் திறந்த தோப்பில் நிறுத்துகிறோமே, நமக்கென்ன என்று அவர் இருந்துவிட்டார்.

எனக்குத் தலைவலி வந்தது. காலையில் எழுந்தால் மண்டை பிளக்கும், வாந்தி வரும், கால் துவளும். பகலில் தோப்பில் நடந்தால் சரியாகிவிடும். மறுபடி படுத்து எழுந்தால் அதே கதை. இத்தனை மாசத்துக்கு மேல் மசக்கை ஏது? அது இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வயிற்றில் பிள்ளையின் துள்ளல் குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான். முன்னே விலாவில் உதைக்கும். இப்போது எப்போதாவது லேசாகப் புரளும். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடும் போல இருந்தது. ராத்திரி கட்டிலில் படுத்து, இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, அசை அசை என்று மனசுக்குள் கெஞ்சுவேன். கெஞ்சிக்கொண்டே அப்படி ஒரு தூக்கம் வரும், அடித்துப் போட்டாற்போல.

அன்றைக்கு மதியமே மழை பிடித்துக்கொண்டது. அவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். குளிருக்கு உள்ளே படுத்துக்கொள் என்று அண்ணி என்னை ஏற்றிப் படுக்கவைத்து, சன்னலெல்லாம் சாத்தினாங்க. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை விட்டு, அண்ணி கஞ்சியோடு வந்து பார்த்தபோது நான் கண்ணைத் திறக்கக்கூட முடியாமல் கிடந்தேன். முகமெல்லாம் சிவந்து, தலையைத் தூக்கினால் உலகமே சுற்றியது. அண்ணிக்குச் சந்தேகமே இல்லை. காலையில் வண்டி கிளம்புகிற நேரத்தில்தான் பட்டணத்துப் பொம்பளைங்க கூட்டமாக வந்து வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கைநிறையக் காய்ந்த மிளகாய், கல்லுப்பு, தெருமண் எடுத்து வந்து, என்னைச் சாய்த்து உட்காரவைத்துச் சுற்றினாங்க. ஊர் கண், உறவு கண், பட்டணத்துக் கண் எல்லாம் போகட்டும் என்று மூன்று தடவை துப்பச் சொன்னாங்க. துப்பினேனோ இல்லையோ, மறுபடி சரிந்துவிட்டேன். சுற்றியதை நெருப்பில் போட வேண்டும். வெளிச்சத்துக்குப் பயந்து பொழுதோடேயே அடுப்பை அணைத்துவிடுவது வழக்கம். அண்ணி பார்த்தாங்க, கையெட்டும் தூரத்தில் நெருப்பு இருந்தது ஒரே இடத்தில்தான். என் கதவைச் சாத்திவிட்டு, கரி டிரம்மின் மூடியைத் திருகித் திறந்து, மிளகாயை மொத்தமாக உள்ளே போட்டு மறுபடி இறுக்கி மூடிவிட்டாங்க.

திருஷ்டி இல்லாவிட்டால் மிளகாய் நெடி ஊரைத் தூக்கும். திருஷ்டி இருந்தால் எவ்வளவு போட்டாலும் கமறாது. இது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அண்ணி டிரம் பக்கத்தில் நின்று மூக்கை விரித்து மோந்து பார்த்தாங்க. ஒன்றுமே இல்லை. ஒரு தும்மல்கூட இல்லை. அப்படியே தம்பியிடம் ஓடினாங்க. இவ்வளவு மிளகாய்க்கும் ஒரு பொட்டு நெடி இல்லையே, பிள்ளையைக் குடிக்க வந்த கண்ணுடா இது என்று அழுதாங்களாம்.

நெடி வெளியேதான் இல்லை. உள்ளே இருந்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தூக்கத்துக்குள் யாரோ தொண்டையில் நெருப்பைத் திணித்தாற்போல ஒரு இருமல். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. எழுந்திருக்கப் பார்க்கிறேன், கை கால் என்னுடையதாக இல்லை. கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தேன். வயிறு அடிபடக் கூடாது என்று முழங்கையை ஊன்றினேன், அது மட்டும் நினைவிருக்கிறது. கீழே பலகைத் தரையில் முகம் பட்டதும் நெடி இன்னும் ஜாஸ்தியானது. இருமி இருமித் தவழ்ந்து போய்க் கதவை முட்டினேன். அவர் திறந்தார். நான் அவர் மேலேயே விழுந்தேன்.

என்னை மண்ணில் கிடத்திவிட்டு அவர் உள்ளே ஏறினார். ஏறின வேகத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரம்மைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்து மிளகாயை எங்கே போட்டே என்று கேட்டார். அண்ணி கையை நீட்டிக் காட்டினாங்க. அவர் வண்டிக்கடியில் நுழைந்து, என் கட்டிலுக்கு நேர் கீழே குழாய் சேருகிற இடத்தில் மூக்கை வைத்தார். அங்கிருந்தே இருமினார். வண்டியின் பெருஞ்சுமையில் அந்தச் சேர்மானம் விட்டுப்போயிருந்தது. என்ஜின் ஓடும்போது ஒன்றுமில்லை, அது உறிஞ்சிக்கொள்ளும். நிறுத்தின பிறகு மிச்சக் கரியின் கேஸ் அங்கே கசிந்து, பலகை இடுக்கு வழியாக மேலே, என் தலைமாட்டுக்கு வந்திருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. நாங்கள் மேலே எல்லாவற்றையும் அடைத்து அதை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறோம். மிளகாய் மட்டும் விழாமல் இருந்தால் இதை யாருமே கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அவர் வெளியே வந்து ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்தார். கரி கேஸ் உயிரை எடுத்துவிடும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார், கொட்டாய்க்குள் நிறுத்தினால்தானே என்று நினைத்திருக்கிறார்.

"நான்தாம்மே," என்றார். "நானே உன்ன டெய்லி அதுல வெச்சிப் பூட்டிகினு இருந்தேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வரக்கூட நேரமில்லை. நான் வயிற்றில் கை வைத்துக் காத்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. மாமரத்தடியில் பாய் போட்டுப் படுக்கவைத்தார்கள். இலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி வெல்லத் தண்ணீர் கொடுத்தாங்க, அசையவில்லை. ஒருக்களித்துப் படுத்தேன், அசையவில்லை. முதல் பிள்ளைக்கும் இப்படித்தான், இரண்டாவதுக்கும் இப்படித்தான், இந்த மௌனம் எனக்குப் பழக்கப்பட்டது. மூவரும் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அண்ணி வேண்டாத தெய்வமில்லை. திருவேற்காட்டு ஆத்தாளுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டாங்க.

கிழக்கு வெளுத்த பிறகு, ஆவடிப் பக்கமிருந்து ஏரோப்ளேன் ஒன்று தாழப் பறந்து போனது. அந்தச் சத்தத்துக்கு வயிற்றில் ஒரு உதை விழுந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தவறாகப் புரிந்துகொண்டு ஓவென்று கத்தப் போனாங்க. கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். அப்புறம் அவங்களும் அழுதாங்க.

அதற்குப் பிறகு அவர் குழாயைக் கழற்றி, சேர்மானத்தைப் பற்றவைத்து, வண்டி ஓரமாக விலக்கிக் கொண்டுபோனார். தன் கையால் ஒட்டின கறுப்புக் காகிதத்தையெல்லாம் தானே கிழித்தார். டியூப்பைப் பிடுங்கினார். தரையிலும் கூரையோரத்திலும் காற்றுக்கு ஓட்டை போட்டார். விளக்கு ஏற்றினால்தானே வெளிச்சம், இனி உள்ளே விளக்கே வேண்டாம் என்றார். எல்லாம் சரி. ஆனால் அந்த வண்டியில் இனி ஏற மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். கீற்றுக்கொட்டாயில் அண்ணி பக்கத்தில் படுத்தேன். ஏறாமல் எப்படி ஆஸ்பத்திரி போவது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே என்னை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நானேதான் வழி சொன்னேன். டிரம்மைக் கொளுத்தும்போதெல்லாம் ஒரு கை மிளகாய் போட வேண்டும். விசிறி சுற்றும்போது நான் உள்ளே தலையை நீட்டி மோந்து பார்ப்பேன். நெடி வந்தால் கசிகிறது, வராவிட்டால் நல்லது. அவர் சரியென்றார். அக்கம்பக்கத்தார் தினம் தினம் திருஷ்டி கழிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அண்ணிக்கு இது ஒத்துக்கொள்ளவே இல்லை. எனக்குக் கமறாவிட்டால் நிம்மதி. அவங்களுக்குக் கமறாவிட்டால் கண்ணு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். நான் "ஒண்ணும் வரல" என்று சிரித்தபடி தலையை வெளியே எடுப்பேன், அவங்க முகம் வெளுத்து நிற்பாங்க. தினம் காலையில் இதே கூத்து. எத்தனை சொல்லியும் அவங்களால் ஏற்க முடியவில்லை. பயத்தில் யாருக்குத்தான் எடுத்துச் சொல்லி விளங்குகிறது? எனக்கும் விளங்காது.

வலி காலையில் எடுத்தது. பனிக்குடம் உடைந்து சேலை நனைந்தபோது அவர் நல்ல வேளையாக வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். கரி கனன்றுகொண்டிருந்தது. அண்ணி மிளகாயை அள்ளிப் போட்டாங்க. நான் கதவைப் பிடித்துக்கொண்டு, வலியோடு வலியாக மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ஏறிப் படுத்தேன். அண்ணி வேப்பிலைக் கொத்தை என் தலைமாட்டில் செருகிவிட்டு, கமறவே இல்லையே தாயே என்று முணுமுணுத்துக்கொண்டே கூட ஏறினாங்க.

வண்டி போனது. உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு நன்றாகவே போனது. ஆவடியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் முள்கம்பியும் கூடாரங்களும் இருந்தன, எழுந்து பார்க்கத் தெம்பில்லை. ஒவ்வொரு வலிக்கும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூக்கால் காற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அம்பத்தூர் தாண்டிவிட்டால் பாதி வந்தாற்போல. அம்பத்தூர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது.

பட்டாளத்துக் கூட்ஸ் வருகிறதென்று கேட்டைச் சாத்தியிருந்தார்கள். முன்னால் கட்டை வண்டிகள், பின்னால் கட்டை வண்டிகள், கள்ளிக்குப்பத்திலிருந்து கீரைக்கூடையோடு வந்த பெண்கள் ஒரு கூட்டம். நின்ற இடத்தில் என்ஜின் இருமி அணைந்தது. அவர் இறங்கிப் பின்னால் டிரம்முக்கு ஓடினார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அண்ணி பார்த்தாங்க, பிள்ளையின் தலை தெரிகிறது. அதே நேரம் சன்னல் வழியாக வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதும் தெரிகிறது. சுற்றிலும் ஆம்பிளைகள். அண்ணி பாய்ந்து சன்னலைச் சாத்தப் போனாங்க.

"சாத்தாத அண்ணி!" என்று கத்தினேன். "சாத்தினா நான் எறங்கி ரோட்டுலயே பெத்துக்குவேன்."

எங்கள் வீட்டில் நான் அதுவரை குரல் உயர்த்தியதில்லை. அண்ணி சன்னல் பலகையில் கை வைத்தபடி நின்றுவிட்டாங்க. மானமா மூச்சா என்று அந்த ஒரு நொடி அவங்க முகத்தில் ஓடியது. அப்புறம் கையை எடுத்துவிட்டு, தலையை வெளியே நீட்டிக் கீரைக்காரிகளைக் கூப்பிட்டாங்க. அவர்கள் கூடையை இறக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். முந்தானையையும் கோணியையும் விரித்துச் சன்னலுக்குச் சற்றுத் தள்ளி வண்டியைச் சுற்றிக் கட்டி நின்றார்கள். காற்று வந்தது. ஆம்பிளைகள் தெரியவில்லை. அந்தச் சேலைகளுக்கு மேலே துண்டு வானம் தெரிந்தது. அவர் சன்னலுக்கு வெளியே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேறு எங்கே போய் நிற்பார்?

கூட்ஸ் வந்தது. அதன் சத்தத்தில் அலமாரிப் பாத்திரமெல்லாம் ஆடியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பிள்ளை பிறந்தது. அண்ணி கையில் ஏந்தினாங்க. அழுததா, இல்லையா? தெரியவில்லை. பெட்டி பெட்டியாக ரயில் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, காது முழுக்க இரும்புச் சத்தம். நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். இதற்கு முன் இரண்டு தடவை அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணி பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்தாங்க, தட்டினாங்க, வாய்க்குள் விரல் விட்டு வழித்தாங்க, மறுபடி தட்டினாங்க. அவங்க உதடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்கவில்லை. கொடு என்று கை நீட்டினேன். நெஞ்சு மேல் போட்டாங்க.

முதுகில் என் உள்ளங்கையை வைத்தேன். ஈரமாக, சூடாக, இத்தனூண்டு முதுகு. அது விம்மியது. உள்ளே என்னமோ ஏறி இறங்கி அதிர்ந்தது. காதில் ஒன்றும் விழவில்லை, கையில் விழுந்தது. அழுகிறது, அண்ணி, அழுகிறது என்று நான் கத்தினேன். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

கடைசிப் பெட்டியும் கேட்டைத் தாண்டிப் போனது. சத்தம் அடங்க அடங்க அந்த அழுகை மட்டும் மிச்சமாக நின்றது. அவர் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"அக்கா, யாரு கொயந்த அயுவுறது?"

"உன்துதான்டா," என்றாங்க அண்ணி. "பொண்ணு."

அவர் அப்போதும் திரும்பவில்லை. கையை மட்டும் பின்பக்கமாகத் திறந்த சன்னலுக்குள் நீட்டினார். கரி அப்பின கை, விரல் நகமெல்லாம் கறுப்பு. கழுவிக்கினு வாடா என்று அண்ணி அதட்டினாங்க. நான் கேட்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் முதுகில் வைத்தேன். எடுத்தபோது முதுகில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது. அண்ணி துடைக்கத் துணியைக் கொண்டுவந்தாங்க. கொண்டுவந்தவங்க பார்த்தாங்க, துணியைக் கீழே வைத்துவிட்டாங்க.

"இருக்கட்டும்," என்றாங்க. "திஷ்டிக்கு ஆச்சு."